போ சாய் மாத்திரை: மந்தத்துக்குக் கேட்கிறது, எரிச்சலுக்குக் கேட்கவில்லை

போ சாய் என்பது சீனர்களின் வயிற்று மாத்திரை. வயிறு முட்டத் தின்றுவிட்டுச் செரிக்காமல் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு நல்ல மருந்து. நெஞ்செரிச்சலுக்கும் புளியேப்பத்துக்கும் என்று வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இதைப் பற்றிச் சுற்றுகிற பேச்சில் பாதி கட்டுக்கதை.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வருவதால் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. வயிறு அதற்கான வட்டியைத் தவறாமல் வசூலித்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் எங்கள் சொந்தத்தில் யாராவது போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். முன்பு கோடாலித் தைலம் வந்த இடத்தில் இப்போது போ சாய் வருகிறது. எனக்குக் கொடுத்தவன் மச்சினன். விலை கேட்டால் சொல்ல மாட்டான், பெட்டியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டையும் பிய்த்துவிட்டுத்தான் கொடுத்தான். ஆகவே இந்த மதிப்புரையில் விலையைத் தேடாதீர்கள்.

பெட்டிக்குள் விரல் நீளம்கூட இல்லாத குப்பிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கடுகை விடச் சற்றுப் பெரிய செந்நிற உருண்டைகள். ஒரு தடவைக்கு ஒன்றோ இரண்டோ குப்பி, அவ்வளவுதான் அளவு. எண்ண வேண்டாம், கரண்டி வேண்டாம், தேனில் குழைக்க வேண்டாம். தொழில் புத்தி விடவில்லை, சில குப்பிகளை ஆய்வகத் தராசில் கொட்டி நிறுத்துப் பார்த்தேன். இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. குப்பிக்குக் குப்பி வித்தியாசம் பொருட்படுத்தும்படி இல்லை. சாயம் நிறுக்கிற இடத்தில் இந்தச் சீர் இருந்தால் எங்கள் வாழ்க்கை எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

சீர் அளவில் மட்டும்தான். நிறத்தில் இல்லை. ஒரு பீக்கரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து உருண்டைகளைப் போட்டதும் மேல்பூச்சுச் செந்நிறம் புகைபோலக் கழன்று அடியில் இறங்கியது. உள்ளே இருப்பது சாதாரண மூலிகைப் பழுப்பு. கொஞ்ச நேரத்தில் உருண்டை உப்பி, ஓரம் பிசிறி, கலக்கியதும் சேறாகிவிட்டது. துணியாக இருந்தால் இந்தச் சாயத்தை முதல் சலவையிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். மருந்துக்கு இது குறை இல்லை. சீக்கிரம் கரைவது நல்லதுதான். வேர்த்த கையில் கொட்டிக்கொண்டால் உள்ளங்கை சிவந்துபோகும், வெள்ளைச் சட்டைக்காரர்கள் கவனிக்கவும்.

விழுங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதன் பிறகு குப்பியைக் கவிழ்க்க வேண்டும். உலர்ந்த வாயில் கொட்டினால் உருண்டைகள் பல்லிடுக்கிலும் நாக்கடியிலும் போய் ஒளிந்துகொண்டு, கால் மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்து கசக்கும். சுவை என்று பார்த்தால் முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் மண்வாசனை கலந்த கசப்பு, கடைசியில் லேசாகப் புதினாக் குளிர்ச்சி. வீட்டில் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது ஊதுபத்தி வாசம் அடிக்கிறதே" என்றார்கள். சரியான மூக்கு. ஊதுபத்தியிலும் அத்தரிலும் சேர்க்கிற பச்சோலி இலை இந்த மருந்தின் முக்கியச் சரக்குகளில் ஒன்று.

இனி வயிற்றுக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் கெடா விருந்து என்றால் என்ன நடக்கும் என்று கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளி வீட்டு விருந்தில் வேண்டாம் என்று சொல்வது பகையை வளர்க்கும் காரியம். இலையில் குடல் குழம்பு, ரத்தப் பொரியல், தலைக்கறி என்று வந்துகொண்டே இருக்கும். கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்தாலும் விரலிடுக்கு வழியாகக் குழம்பை ஊற்றுகிற சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அப்படி ஒரு விருந்து முடிந்து, வேப்பமரத்தடிக் கட்டிலில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்த மதியத்தில்தான் முதல் குப்பியைப் போட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நீளமாக ஓர் ஏப்பம், தொடர்ந்து இரண்டு மூன்று. மேல்வயிற்றின் இறுக்கம் தளர்ந்தது. மாலையில் எழுந்து மாடு கட்டப் போக முடிந்தது. அன்று இரவு பசித்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கறி தின்ற நாளில் எனக்கு இரவுப் பசி வருவதே கிடையாது.

இரவு ஷிப்டில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிற மந்தத்துக்கும் இதே பலன்தான். நள்ளிரவுக்கு மேல் சால்னாவை ஊற்றித் தின்றுவிட்டு நீராவி அடைத்த கூடத்துக்குள் நுழைந்தால் தலை கனக்கும், குமட்டும், வாயில் எச்சில் ஊறும். அந்தக் குமட்டலை இது நன்றாக அடக்குகிறது. எங்கள் மேஸ்திரி இப்போது சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு குப்பி வைத்திருக்கிறார்.

எரிச்சல் வேறு கதை. வெறும் வயிற்றில் டீயாகக் குடித்து நெஞ்சுக்குழி எரிகிற நாட்களிலும் போட்டுப் பார்த்தேன். எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது, கூடவே அந்தக் கசப்பும் தொண்டைக்கு ஏறி வந்தது. அமிலத்தைக் குறைக்கிற சரக்கு இதில் பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை, அதனால் மாத்திரையைக் குறை சொல்வது நியாயமில்லை. "வயிறு என்றால் போ சாய்" என்று மொத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பயணக் குமட்டலுக்கும் ஆகும் என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு வால்பாறைச் சாலையை விடக் கடுமையான சோதனைக்கூடம் நம்மிடம் ஏது? ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் மலையேறினாலே வாந்தி எடுக்கும் என் மனைவிக்கு, பொள்ளாச்சியில் கிளம்பும்போதே ஒரு குப்பி கொடுத்தேன். அட்டகட்டி வரை பேச்சு நின்றுபோனதே தவிர வாந்தி இல்லை. அதற்கு மேலும் சமாளித்துவிட்டார். ஆனால் வழி முழுவதும் கையில் எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்துகொண்டே வந்தார், பாராட்டு முழுவதையும் எலுமிச்சைக்கே கொடுத்துவிட்டார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

மருந்தின் பூர்விகம் சுவையானது. 1896 இல், தென்சீனத்தில் குவாங்டாங் மாகாணத்தின் ஃபோஷான் நகரில் லீ ஷியூ கெய் என்பவர் தொடங்கிய சரக்கு இது. பிற்பாடு ஹாங்காங்கில் வேர்விட்டு, அங்கிருந்து சீனர்கள் பிழைக்கப் போன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஃபோஷான் இருப்பது முத்து ஆற்றுக் கழிமுகத்தில். வெயிலும் ஈரமும் சேர்ந்து புழுங்குகிற பூமி. அந்தப் பக்கத்து வைத்தியர்கள் வயிற்று உபாதையை ‘உடம்புக்குள் ஈரம் தங்கிவிட்டது’ என்ற கணக்கில் பார்ப்பார்கள். நாக்கில் வெள்ளை படிவது, உடம்பு கனப்பது, குமட்டல், இளகிய மலம் எல்லாம் அந்த ஈரத்தின் அடையாளம். அதை வாசனைச் சரக்குகளால் உலர்த்தி வெளியேற்றுவதுதான் மருந்தின் நோக்கம். காற்று வாங்கிக் கிடக்கிற நம் மேட்டாங்காட்டு வறண்ட பூமிக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா என்று முதலில் நினைத்தேன். சாயப்பட்டறைக் கூடத்தின் புழுக்கம் ஃபோஷானுக்கு ஒன்றும் இளைத்ததில்லை என்பது பிறகு உறைத்தது.

சீன அரசின் மருந்து நூலில் உள்ள செய்முறையில் பதினாறு சரக்குகள். கம்பெனிக்குக் கம்பெனி சிறு மாற்றம் உண்டு. பட்டியலைப் படித்தால் பாதிப் பேர் நமக்குத் தெரிந்தவர்கள்தான். ‘மு சியாங்’ என்பது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கோஷ்டம். இமயமலைச் சரக்கு. காட்டில் அருகிப்போனதால் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, சீனர்கள் யுன்னான் மாகாணத்தில் அதைப் பயிரிட்டே எடுக்கிறார்கள். பட்டியலில் நெருஞ்சியும் இருக்கிறது. காங்கேயம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுகிற அதே நெருஞ்சிதான். இதைச் சொன்னபோது என் அப்பா, "அதற்கு எதற்கப்பா சிங்கப்பூர்?" என்றார். செவ்வந்திப் பூ, புதினா, பம்ப்ளிமாஸ் தோல், புடலை இனத்துக் கொடி ஒன்றின் கிழங்கு ஆகியவையும் உண்டு. அந்நியர்கள் என்றால் மக்னோலியா மரப்பட்டை, பைன் மர வேரைச் சுற்றி மண்ணுக்குள் வளரும் ஒரு பூஞ்சைக் கட்டி போன்றவை.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, முளைகட்டி உலர்த்திய நெல். தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கிற நொதி அதில் உண்டாகிறது. துணியில் ஏற்றிய கஞ்சியைக் கழுவி எடுக்க நாங்கள் பட்டறையில் பயன்படுத்துவதும் அதே வகை நொதிதான், அமைலேஸ். மற்றொன்று, கோதுமை மாவையும் தவிட்டையும் மூலிகைச் சாற்றோடு பிசைந்து புளிக்கவைத்து உலர்த்திய கட்டி. ஷென்சூ என்கிறார்கள். புளித்ததுதான் வயிற்றுக்கு நல்லது என்று கம்மங்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு அவர்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த மாத்திரையைத் தொட வேண்டாம்.

இப்போது, கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் யாரும் சொல்லாத விஷயம். 2010 மார்ச்சில் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் போ சாய் காப்ஸ்யூலைப் பரிசோதித்தபோது, அதில் இருக்கவே கூடாத இரண்டு வேதிப்பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஹாங்காங் அரசும் உடனே சந்தையிலிருந்து திரும்பப் பெற உத்தரவிட்டது. ஒன்று சிபுட்ராமின். பசியை அடக்கி எடை குறைக்கிற மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று பல நாடுகள் கைவிட்டது. இந்தியாவும் 2011 இல் தடை செய்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த அதே வருடத் தொடக்கம். வேலையில்லாமல் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்த காலம் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது.

மற்றொன்றின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பினாப்தலீன். பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகுமே, அதேதான். காஸ்டிக் சோடாவின் அளவு பார்க்க என் மேசையில் எப்போதும் ஒரு பாட்டில் நிற்கிறது. ஒரு காலத்தில் இதைப் பேதி மாத்திரையாகவே விற்றார்கள். புற்றுநோய் அச்சத்தால் 1999 இல் அமெரிக்கா அதை நிறுத்தியது.

பாட்டில் பக்கத்திலேயே இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? என் குப்பி உருண்டைகளைக் கரைத்து, வடிகட்டி, நீர்த்த காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சிவப்பு வரவில்லை. பழுப்பு இன்னும் மஞ்சளாக அடர்ந்தது. மூலிகைச் சாறுகள் காரத்தில் அப்படித்தான் போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே கரைசலில் எங்கள் பினாப்தலீனை ஒரு சொட்டு விட்டதும் ரோஜா நிறம் பளிச்சென்று எழுந்தது. இதை யாரும் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் அந்தப் பழுப்பு அதை மறைத்துவிடும். சிபுட்ராமினைக் கண்டுபிடிக்க என்னிடம் கருவியும் கிடையாது. அன்று கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது காப்ஸ்யூலில் என்பதால், யார் கொடுத்தாலும் காப்ஸ்யூல் எனக்கு வேண்டாம் என்பது மட்டும் உறுதி.

நம் மருந்தோடு ஒப்பிடாமல் விட்டால் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, கனவில் வந்து திட்டுவார். அவர் வீட்டில் அஷ்ட சூரணம் எப்போதும் இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு. சூடான சோற்றில் முதல் கவளத்துக்கு நெய்விட்டுப் பிசைந்து கொடுப்பார். பொருமலுக்கு அது போ சாயை விட வேகமாகக் கேட்கிறது என்பது என் அனுபவம். விலையும் சொற்பம். வாயுவைக் கலைப்பதில் பெருங்காயத்துக்கும் ஓமத்துக்கும் பக்கத்தில் நிற்க இந்தப் பதினாறு பேராலும் முடியவில்லை. குமட்டலுக்கு மட்டும் போ சாய் ஒரு படி மேல். சூரணத்தின் காரம் குமட்டுகிற வயிற்றில் நிற்காது, இது நிற்கிறது.

ஆனால் அம்மாயியின் சூரணத்துக்குச் சோறு வேண்டும், நெய் வேண்டும், பிசைய அம்மாயி வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நீராவிக் கூடத்தில் மூன்றில் எதுவும் இல்லை. டப்பாவைத் திறந்தால் தூள் கட்டி தட்டியிருக்கும், கரண்டி தொலைந்திருக்கும், அளவு அவரவர் கைப்பதம். சீனர்கள் ஜெயித்தது அந்தக் குப்பியில்தான் என்று நினைக்கிறேன். ஒரு வேளை மருந்து, ஒரு மூடி, சட்டைப்பைக்குள் அடங்கும் உருவம். நூறு வருடங்களுக்கு மேலாக இதை ஓடவைப்பது நெருஞ்சியும் கோஷ்டமும் மட்டுமில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் இதைக் காட்டி, அஷ்ட சூரணத்தையும் இப்படி உருட்டிக் குப்பியில் போட்டால் என்ன என்று கேட்டேன். உள்ளங்கையில் கொட்டி வெகுநேரம் உருட்டிப் பார்த்தார். "உருட்டலாம். நீங்கள் மாதாமாதம் வாங்குவீர்களா, அதைச் சொல்லுங்கள்" என்றார்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ தினமும் மாத்திரை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் குப்பியைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடவும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இந்த உருண்டையைத் தேடாமல் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், அங்கே உயிரைக் குடிப்பது நீரிழப்பு. மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு பேதி, நெஞ்சிலிருந்து தோளுக்குப் பரவும் வலி இவற்றையெல்லாம் வாயு என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் வீணாகும்.

வாங்குகிற இடம் கடைசியாக. நம் ஊர் மருந்துக் கடைகளில் இது கிடைத்து நான் பார்த்ததில்லை. மச்சினன் கொடுத்தது தீர்ந்த பிறகு இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஆர்டர் செய்தேன். வந்த பெட்டியில் காலாவதித் தேதியின் மேலேயே இறக்குமதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருந்த தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது. படம் எடுத்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பினார்கள், பெட்டியைத் திருப்பிக் கேட்கவே இல்லை. ஆகவே ஆள் மூலமாகச் சொல்லி வாங்குவதே மேல். அங்கே மருந்தகத்தில் வாங்கச் சொல்லுங்கள். பெட்டியின் முத்திரை கிழியாமல் இருக்க வேண்டும், தேதி ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கக் கூடாது. குப்பியைக் குலுக்கினால் உருண்டைகள் சலசலவென்று ஓட வேண்டும். ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக நகர்ந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.